பளபளத்த நான்கு ராடுகள்

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் பட்டறைக்குள் நுழைந்தேன். மேசையில் பழைய சீன நாளிதழை விரித்து, அதன்மேல் நான்கு கனெக்டிங் ராடுகளை வரிசையாக வைத்துவிட்டு, பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார் அந்தோணி அண்ணன். புதுமாப்பிள்ளை முகம்.

"பாத்தியாம்மா வசந்தி? கண்ணாடி மாதிரி இருக்கு."

ஒரு ராடை எடுத்தேன். மண்ணெண்ணெய் வாசம் இன்னும் போகவில்லை. அதன் அடிப்பக்கத்து மூடி தனியாகக் கழன்று கிடந்தது. மூடியும் ராடும் ஒன்றோடொன்று சேரும் முகத்தைத் திருப்பிப் பார்த்தேன். ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டு என் கண்ணில் அடித்தது. அடுத்ததையும் எடுத்துத் திருப்பினேன்.

"நாலையும் தேச்சிட்டீங்களா அண்ணே?"

"நாலையும்தான்."

"ஒண்ணுகூட விடலையா?"

"ஏன் விடணும்? ஒண்ணத் தேச்சி ஒண்ண விட்டா அது சின்சாய் வேலை, அரகொற வேலை. நம்மகிட்ட அது கெடையாதுலா."

இஞ்சின் வேலை தெரிந்தவர்களுக்கு இப்போதே புரிந்திருக்கும். தெரியாதவர்கள் பயப்பட வேண்டாம், கொஞ்சம் சுற்றிவிட்டு வந்து சொல்கிறேன்.

முதலாளி எங்கே?

போன வாரம் இந்தப் பத்தியில் நான் கிரைண்டிங் மிஷின் வாங்கிய கதையை எழுதினாலும் எழுதினேன், தைப்பிங்கிலிருந்து ஒரு வாசகர் பத்திரிகைக்குப் போன் போட்டு, "அந்தம்மா நிஜமாகவே கிராங்க் அரைக்கிறாரா, இல்லை கல்லாவில் உட்கார்ந்திருக்கிறாரா?" என்று விசாரித்தாராம். ஐயா, அரைக்கிறேன். ஈப்போ பக்கத்தில் மெங்லெம்புவில் கடை. இஞ்சினைப் பிரித்து, தேய்ந்ததைச் சரி செய்து, மறுபடி கோத்துக் கொடுப்பது தொழில். கிராங்க் அரைப்பது என் வேலை. பிரிப்பதும் கோப்பதும் அந்தோணி அண்ணன் வேலை.

கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் என்னைத் தாண்டிப்போய் அவரிடம்தான், "முதலாளி எங்கே?" என்பார்கள். அவர் வாயைத் திறக்காமல் முகவாயால் என் பக்கம் காட்டுவார். அதில் அவருக்கு ஒரு தனி சந்தோஷம்.

மனிதர் அநியாயத்துக்குச் சுத்தம். ஸ்பானரைத் துடைக்காமல் வைக்க மாட்டார். பால் ஊற்றாத கொப்பி ஓ குடித்த கிளாஸைக்கூடக் கழுவித்தான் கடைக்காரனிடம் கொடுப்பார். அவர் கோத்த இஞ்சினில் எண்ணெய் ஒழுகி நான் பார்த்ததில்லை. இந்தத் தொழிலில் எனக்கு வாய்த்த பெரிய அதிர்ஷ்டம் அவர் என்று எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

யார் போகும் வேன்

அந்த நான்கு ராடுகளும் பாக்கியம் அக்காவின் வேனுடையவை.

பாக்கியம் அக்கா வேன் ஓட்டுகிறவர். கோலக்கங்சார் தாண்டி ஒரு பழைய ரப்பர் தோட்டம் இருக்கிறது. ரப்பர் போய், இப்போது எல்லாம் எண்ணெய்க்கான செம்பனை. அங்கே இன்னும் குடியிருக்கிற சிறுநீரகக் கோளாறுள்ள ஏழெட்டுப் பேரை ஈப்போவுக்கு டயாலிசிஸ் செய்ய ஏற்றிவந்து, திரும்பக் கொண்டுபோய் விடுவது அவர் வேலை. திங்கள், புதன், வெள்ளி. மழையானாலும் தீபாவளியானாலும் அந்த வேன் போயாக வேண்டும். ஒரு தடவை தவறினால் உடம்பில் தண்ணீர் சேர்ந்து கால் வீங்கும். இன்னும் தள்ளிப்போனால் மூச்சு இரைக்கும்.

அந்த ஏழெட்டுப் பேரில் ஒருத்தி ஸ்டெல்லா. அந்தோணி அண்ணனின் ஒரே தங்கை.

வெள்ளிக்கிழமை எல்லாரையும் வீட்டில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது இஞ்சினில் "டக், டக்" என்று அடிக்க ஆரம்பித்திருக்கிறது. பாக்கியம் அக்கா புத்திசாலி, அப்படியே நிறுத்திவிட்டு இழுவை லோரியில் எங்களிடம் கொண்டுவந்துவிட்டார். பிரித்துப் பார்த்தால் பேரிங் கருகி, கிராங்கில் ஓர் இடம் கீறியிருந்தது. ராடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கிராங்கை அரைத்து, புதுப் பேரிங் போட்டால் முடிந்தது. "திங்கக்கெழம காலைல வேன் உங்க கையில இருக்கும்" என்று பக்கத்தில் நின்ற அந்தோணி அண்ணனைப் பார்த்துக்கொண்டே வாக்குக் கொடுத்தேன்.

சனிக்கிழமை காலை முழுக்க நான் கிரைண்டிங் மிஷினில் நின்றேன். அந்த நேரத்தில்தான் அவர் மேசையில் உட்கார்ந்து ராடுகளைத் தேய்த்திருக்கிறார்.

தையல் மிஷின் பாடம்

வீட்டில் கால் மிதிக்கிற தையல் மிஷின் இருந்தவர்களுக்கு இஞ்சின் பாதி தெரியும். மிதிபலகை மேலும் கீழும் போகும். பக்கத்தில் இருக்கும் கம்பி அதை வாங்கிச் சக்கரத்தைச் சுற்றும். அந்தக் கம்பிதான் கனெக்டிங் ராடு. சக்கரத்தில் அது மாட்டியிருக்கும் கோணல் இடம்தான் கிராங்க். மிதிபலகைக்குப் பதிலாக பிஸ்டன். காலுக்குப் பதிலாக வெடி. அவ்வளவுதான்.

வெடித்துத் தள்ளும்போதுதான் ராடு ரொம்பக் கஷ்டப்படும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். தள்ளுவதை ராடின் தண்டு தாங்கிக்கொள்ளும், அதற்காகத்தான் அதற்கு அந்தத் தடிப்பு. ஆனால் பிஸ்டன் மேலே பறந்துபோய், உச்சியில் நின்று, கீழே திரும்புகிறதே, அந்த நேரத்தில் பிஸ்டனைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருவது எது? ராடின் அடியில் இருக்கும் மூடியும் அதன் இரண்டு போல்ட்டுகளும்தான். நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை அந்த இழுப்பு. ஒரு ராடை எந்தக் கெட்டிக்காரர் வடிவமைத்தார் என்று பார்க்க எனக்கு ஆசை வந்தால், தண்டைப் பார்க்க மாட்டேன். மூடியைத்தான் பார்ப்பேன்.

கிராங்கில் நான் பார்ப்பது மூலையை. பேரிங் உட்காரும் இடம் பக்கச் சுவரோடு சேரும் மூலையில் ஒரு சின்ன வளைவு இருக்கும். அந்த வளைவை எடுத்துவிட்டு நேராக வெட்டினால் பார்க்க அழகாகத்தான் இருக்கும், கிராங்க் அந்த இடத்தில்தான் பிளக்கும். "மூலைய கூரா வெட்டிக் குடுங்க" என்று கேட்டு வருகிறவர்களை வேறு கடைக்குப் போகச் சொல்லிவிடுவேன். பேச்சு வார்த்தை கிடையாது.

உடைத்துச் செய்யும் வேலை

சொந்தக் கடை வைப்பதற்கு முன், தஞ்சோங் மாலிம் பக்கத்தில் இஞ்சின் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தேன். முதல் வாரமே என்னை ராடு வரிசையில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். புத்தம் புது ராடு ஒன்று பெல்ட்டில் வந்தது. மிஷின் அதன் அடிப்பக்கத்து வளையத்தில் மெல்லிய கீறல் போட்டது. அடுத்த மிஷின் அதைப் பிடித்து, "டப்" என்று ஒரே அடியில் இரண்டாக உடைத்துவிட்டது. நான் கையிலிருந்த துணியைக் கீழே போட்டுவிட்டேன். ஏதோ கெட்டுப்போய்விட்டது என்று நிறுத்தும் பட்டனைத் தேடினேன்.

பக்கத்தில் நின்ற மலாய்ப் பெண் காக் ரோஸ் விழுந்து விழுந்து சிரித்தாள். "ஜாஙான் தாக்குட், வசந்தி! மெமாங் காசி பாத்தா!" பயப்படாதே, வேண்டுமென்றே உடைப்பதுதான்.

உடைந்து வரும் கீழ்ப்பாதிதான் மூடி. ஏன் உடைக்கிறார்கள்? அறுத்து வழவழப்பாக்கிய இரண்டு முகங்களைச் சேர்த்தால், ஒன்று மற்றதன்மேல் வழுக்கும். நகராமல் இருக்க வேறு பிடிமானம் வேண்டும். உடைத்த இரும்பில் கரடுமுரடு இருக்கும். உடைந்த சாஸரின் இரண்டு துண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள், மேடு பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். இப்போது வரும் ராடுகளில் பலதும் அப்படித்தான். அந்த மூடி அந்த ராடுக்கு மட்டும்தான் சேரும், அதுவும் ஒரே பக்கமாகத்தான். திருப்பி வைத்தால் உட்காராது.

அந்தக் கரட்டைத்தான் அந்தோணி அண்ணன் கண்ணாடிப் பலகையில் எமரிப் பேப்பர் ஒட்டி, பொறுமையாக, நான்கு ராடிலும் தேய்த்து எடுத்திருந்தார்.

தோட்டத்து அரம்

அவரை முட்டாள் என்று யாராவது நினைத்தால் எனக்குக் கோபம் வரும்.

அவர் தொழில் பழகியது தோட்டத்துப் பட்டறையில். ரப்பர் பால் ஏற்றும் லோரி இஞ்சின் "டக் டக்" என்றால், புதுப் பேரிங் பினாங்கிலிருந்து வருகிற வரைக்கும் மரத்துப் பால் காத்திருக்காது. அதனால் அவர்களுக்கு ஒரு வழி இருந்தது. ராடின் மூடியைக் கழற்றி, சேரும் முகத்தில் அரத்தால் ஒரு மயிரிழை எடுத்து மறுபடி பூட்டுவார்கள். வளையம் கொஞ்சம் இறுகும், சத்தம் அடங்கும், லோரி ஓடும். பேராக் தோட்டங்களில் எத்தனையோ இஞ்சின்களுக்கு உயிர் கொடுத்த வேலை அது. எங்கள் அப்பாவும் ஆலை இஞ்சினுக்கு அதைச் செய்தவர்தான். அந்தக் கால ராடுகள் அதற்கு இடம் கொடுத்தன.

எங்கள் கடைக்கு அதுவரை வந்தது பெரும்பாலும் பழைய லோரியும் டிராக்டரும். உடைத்த ராடு அவர் கைக்கு வந்தது அதுதான் முதல் முறை. மூடியைக் கழற்றியதும் கரடுமுரட்டைப் பார்த்திருக்கிறார். எவனோ கண்டபடி நெம்பிக் கெடுத்திருக்கிறான் என்று நினைத்துவிட்டார். வேறு யாருடைய வேனாக இருந்தாலும் என்னைக் கூப்பிட்டுக் காட்டியிருப்பார். ஸ்டெல்லா போகிற வேன் என்பதால், தன் கையாலேயே சரி செய்துவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறார்.

இதையெல்லாம் நான் புரிந்துகொண்டது பிறகு. அந்த நிமிஷத்தில் எனக்கு வந்தது கோபம்தான்.

கட்டைவிரல்

விஷயத்தைச் சொன்னேன். கேட்டார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"சரி, கொஞ்சம் தேஞ்சிருச்சு. வளையத்த மறுபடி வட்டமா கடஞ்சிட்டாப் போச்சு. எத்தன ராடுக்கு செஞ்சிருக்கோம்."

"வட்டம் வந்துரும் அண்ணே. மூடி எங்க நிக்கும்?"

ஒரு ராடில் மூடியை வைத்து, போல்ட்டுகளைக் கையால் லேசாக முடுக்கி, பக்கவாட்டில் கட்டைவிரலால் தள்ளினேன். மூடி நகர்ந்தது. அவரிடம் நீட்டினேன். அவரும் தள்ளினார். நகர்ந்தது.

"டைட் பண்ணா நிக்கும்லா."

"எவ்ளோ நாளைக்கு?"

"தோட்டத்து லோரி வருஷக்கணக்கா ஓடலியா?"

"அந்த ராடுல போல்ட்டே மூடியப் பிடிச்சிக்கும், அப்படி செஞ்சிருப்பாங்க. இதுல அந்தக் கரடுதான் பிடி. வேற ஒண்ணும் கெடையாது."

அவர் துணியை எடுத்துச் சுத்தமாக இருந்த கையை மறுபடி துடைத்தார்.

"அப்ப திங்கக்கெழம ஸ்டெல்லா எப்படிப் போவா? நீயே சொல்லு. புது ராடு எங்க இருக்கு? கோலாலம்பூர்ல கேட்டா பத்து நாளும்பான். பத்து நாளு அவ ஒடம்பு தாங்குமா, தாஹான் பண்ணுவாளா?"

"மாட்டா."

"மாட்டினா ஓடும்தானே? உண்மையச் சொல்லு. ஓடுமா ஓடாதா?"

"ஓடும். திங்கக்கெழம அழகா ஸ்டார்ட் ஆவும். அப்புறம் என்னிக்காவது, மெனோரா மலை மேட்டுல அத்தன பேரையும் வச்சிக்கிட்டு ஏறும்போது மூடி நகந்தா, ராடு இஞ்சின் பிளாக்க உடைச்சிக்கிட்டு வெளிய வரும். பின்னால கண்டெய்னர் லோரி. அந்த வேன்ல ஸ்டெல்லாவ நீங்க ஏத்துவீங்களா அண்ணே?"

சொல்லியிருக்கக்கூடாத வார்த்தை இல்லை. ஆனால் சொன்ன குரல் கொஞ்சம் அதிகம். அவர் துணியை மேசைமேல் எறிந்தார். அந்த மனிதர் ஒரு பொருளை எறிந்து நான் பார்த்தது அன்றுதான். அதற்குள் பிடித்துக்கொண்ட மழையில் நனைந்துகொண்டே மோட்டார் சைக்கிளை எடுத்துப் போய்விட்டார்.

அப்படியே பூட்டிக் கொடுத்துவிடலாம் என்ற ஆசை எனக்கு ஒரு நொடிகூட வரவில்லை. உடனே என்னைப் பெரிய மனுஷி என்று நினைக்காதீர்கள். ராடு வெளியே வந்த இஞ்சினைக் கையால் தொட்டுப் பார்த்தவள் நான்.

பாக்கியம் அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, திங்கக்கெழம வேன் வராது. ராடு கெட்டுப் போச்சு. எங்க தப்புதான்."

"யாரு கெடுத்தது?"

"கடை கெடுத்துச்சுக்கா."

"கடைக்கு கையி காலு இருக்கா? இன்னிக்கி வந்து சூசா, கஷ்டம்னு சொல்றியே, அந்த சனங்களுக்கு நான் என்னா சொல்றது?" இன்னும் நிறையச் சொன்னார். அச்சில் ஏறாது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன்.

ஹாஃப்கட் கடை

ஜப்பானில் பாதியாக வெட்டிக் கப்பலில் வருகிற பழைய வண்டிகளை விற்கும் ஹாஃப்கட் கடைகள் ஜெலப்பாங் பக்கம் வரிசையாக உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொரு கடை முதலாளியையும், தவுக்கே என்பார்கள், கேட்டுக்கொண்டு போனேன். கடைசியில் ஒருவரிடம் அதே இஞ்சின் இருந்தது. ஆனால் மூன்று வண்டிகளுக்கு அடியில். "செவ்வாய்க்கெழமை கிரேன் வரும், அப்ப எடுத்துக் குடுக்கிறேன்" என்றார். கெஞ்சிப் பார்த்தேன், மிரட்டிப் பார்த்தேன். கிரேன் செவ்வாய்க்கிழமைதான் வந்தது.

திங்கட்கிழமைக்கு என் கார் இருந்தது. போதாது. விடிந்தும் விடியாமலும் நான் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, அங்கே அந்தோணி அண்ணனின் பழைய கார் எனக்கு முன்பே நின்றது. நான்கு சீட்டையும் துடைத்துத் துண்டு விரித்திருந்தார். என்னிடம் பேசவில்லை. தன் காரில் நான்கு பேரை ஏற்றிக்கொண்டார். தங்கையை மட்டும் மீதிப் பேரோடு என் காருக்கு அனுப்பினார்.

மெனோரா மலைக் குகைப்பாதையைத் தாண்டும்போது ஸ்டெல்லா கேட்டாள்.

"அண்ணனுக்கு என்னாக்கா? நேத்து போன் போட்டுச்சு. பேசல. மூச்சு மட்டும் விட்டுக்கிட்டு இருந்துச்சு."

"அவரையே கேளு."

"கேட்டேன். கால் வீங்கியிருக்கான்னு என்னையத் திருப்பிக் கேக்குது."

நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன். 

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ராடுகள் வந்தன. அந்தோணி அண்ணன் ஒன்றை எடுத்துப் போல்ட்டைக் கழற்றி, மரச் சுத்தியலால் மெல்லத் தட்டி மூடியைப் பிரித்தார். உள்ளே சாம்பல் நிறத்தில் கரடுமுரடாக மின்னியது. வழக்கமாக எந்தச் சாமானைப் பார்த்தாலும் துணியைத் தேடும் கை, இதில் துணி படவிடவில்லை. காற்றடித்து மட்டும் சுத்தம் செய்தார். மூடியைச் சேர்த்து வைத்தார். போல்ட்டைக் கையால் லேசாக முடுக்கிவிட்டு, பக்கவாட்டில் கட்டைவிரலால் தள்ளினார். அசையவில்லை. விரல் நுனி வெளுக்கும் வரை தள்ளினார்.

"நிக்கிது" என்றார். மூன்று நாளில் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

பிறகு மேசையில் இருந்த பளபளப்பான நான்கு ராடுகளையும் எடுத்துப்போய், கட்டிங் டிஸ்க்கால் ஒவ்வொன்றையும் நடுத்தண்டில் வெட்டிப் பழைய இரும்பில் போட்டார். நான் சொல்லவில்லை. வேறு யார் கையிலும் போய் அவை இஞ்சினுக்குள் ஏறிவிடக்கூடாது என்று அவராகவே செய்தார்.

புதன்கிழமையும் கார்களில்தான் போனோம். அவர்களைக் கொண்டுவிட்ட நேரம் போக மற்ற நேரமெல்லாம் அவர் இஞ்சின் பக்கத்திலேயே இருந்தார். ராடுகளை எடை பார்த்து, வளையங்களை அளந்து, பேரிங் இடைவெளி பார்த்து, எல்லாவற்றையும் இன்னொரு தடவை பார்த்தார். வியாழக்கிழமை நாள் முழுக்க இஞ்சினை ஓடவிட்டுப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை

வெள்ளிக்கிழமை காலையில் தோட்டம் வரைக்கும் வேனைத் தானே ஓட்டிவருவதாகச் சொன்னார். பாக்கியம் அக்காவும் நானும் பின்னால் உட்கார்ந்து போனோம். பழைய கோயில் பக்கத்துக் கொட்டகையில் எல்லாரும் தயாராக நின்றார்கள்.

அவர் இறங்கினார். சாவியை பாக்கியம் அக்காவிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார் என்று நினைத்தேன். சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு அத்தனை பேர் முன்னாலும் சொன்னார்.

"ராட கெடுத்தது கடை இல்ல. நான்தான். பாத்து செய்றோம்னு நெனச்சு தேச்சிட்டேன். அத மாட்டச் சொன்னதும் நான்தான். இந்தம்மா மாட்ட விடல."

 ஒரு வயதானவர், "அப்ப இதுல இருக்கிறது?" என்று கேட்டார்.

"இது நல்ல ராடு தாத்தா. இத நான் தேய்க்கல."

பாக்கியம் அக்காதான் முதலில் சிரித்தார். "ஏறுங்க, ஏறுங்க, நேரமாச்சு" என்று அவர் கையிலிருந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டார்.

ஸ்டெல்லாவுக்கு எப்போதும் கடைசி சீட். காலை நீட்டிக்கொள்ளலாம், குளிர்காற்றும் நன்றாக வரும். அன்று அவள் பின்கதவுக்குப் போகவில்லை. முன்கதவைத் திறந்து ஏறினாள். இந்த மாதிரி வேனில் முன் சீட்டுக்கு நேர் கீழேதான் இஞ்சின்.

"ஏய் ஸ்டெல்லா, அங்க சூடு தாங்காதுலா, பின்னால போ" என்றார் பாக்கியம் அக்கா.

"இருக்கட்டும்க்கா." பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டு வெளியே பார்த்தாள். "அண்ணே, கதவச் சாத்து. போயிட்டு வாரேன்."

அந்தோணி அண்ணன் கதவைச் சாத்தினார்.